ஒருமுறைதான் கூப்பிட்டாய்

ஸ்ரீரங்கம்,
14-11-1963, வியாழக்கிழமை.

மகள் வள்ளிக்கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் வலி நீங்கலாக இங்கு இருவரும் சுகமே. லண்டனில் உன்னையும் உன்னுடன் இருப்பவரையும் இறைவன் குறையின்றி வைக்கட்டும். உன் கடிதத்தில் தேதி இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் கழித்தவனுடைய மகள் தேதியின்றி எழுதுவது எனக்கு வருத்தம். உறைமேலிருந்த முத்திரையைப் பார்த்து, அக்டோபர் 28 என்று நானே குறித்துக்கொண்டேன். இங்கு ஐப்பசி மழை பலம். முசிறியில் உன் பெரியப்பா அழகிரியின் வாழை முழுவதும் காற்றில் சாய்ந்துவிட்டது.

நான்கு பக்கக் கடிதத்தில் முக்கால் பங்கு, டெலிவிஷன் பெட்டியில் நீ பார்த்த பேய்க்கதை. மீதியில், தை மாதம் நீயும் லூர்துவும் வந்தால் கதவைத் திறப்பேனா என்ற கேள்வி. முதலில் கதைக்கு வருகிறேன். கடற்கரை வீட்டில் தனியாக ஒரு கிழவன். வெகுகாலம் கழித்து மகன் வந்து வாசலில் நின்று அழைக்கிறான். கிழவன் ஓடிவந்து தாழ்ப்பாளைப் பற்றுகிறான், கை அதனுள் புகுந்து வெளியே வந்துவிடுகிறது. இறந்துபோனவன் தான்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே விளங்குகிறது. மகன் திரும்பிப் போகிறான். வண்ணமே இல்லாமல் கறுப்பு வெள்ளை நிழலைக் கொண்டே அந்தக் கையைக் காட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல வேலைப்பாடுதான். பேய் யாரையும் பயமுறுத்தாமல் பேயே பயந்துபோவது எனக்குப் பிடித்திருந்தது. கிழவன் என்றைக்கு இறந்தான் என்று சொல்லாதது குறை. உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். முதல்முறை, 'வெள்ளைக்காரப் பேய்க்குக் காலெல்லாம் இருக்குமாங்க?' என்றாள். இரண்டாம் முறை, 'அந்தக் கிழவனுக்குக் கை பிடிக்கலே, திறக்கலே. உங்களுக்குக் கை நல்லாத்தானே இருந்துச்சு?' என்றாள். அன்று முதல் எனக்கு மோர் கொடுக்கும்போதெல்லாம், 'கை பிடிக்குதுங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுகிறாள்.

அதைப் பார்த்து என்னை நினைத்து அழுததாக எழுதியிருக்கிறாய். என்னைப் பிணமாக்கி அழ வேண்டாம். உங்கள் கலியாணத்தை நான் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை, அது வேறு. 1961 மே 8, திங்கட்கிழமை, உச்சிவெயிலில் நீ வாசலில் வந்து நின்றாய். உன் அம்மா அன்று முசிறியில் இருந்தாள். 'அப்பா' என்று ஒருமுறைதான் கூப்பிட்டாய். உச்சிப்பொழுதில் ஒரு குரலுக்குத் திறக்கக்கூடாது, ஒருமுறை கூப்பிடுவது மனிதக் குரலாக இராது, மூன்றாவது அழைப்புக்குத்தான் திறக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதுகூட மூன்று முறை கத்தித் தெருவையே எழுப்பியவள் நீ. அன்று உனக்கு அது மறந்துவிட்டது. நான் கதவுக்கு இப்புறம் எழுந்து வந்து நின்றேன். கை தாழ்ப்பாளின் மேலிருந்தது, வழுவவில்லை. அடுத்து வந்தது ஜட்கா வண்டி திரும்பும் சத்தம். பெற்றவனுக்கு இன்னும் இரண்டு குரல் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதையில் இது எங்கே இருக்கிறது?

நேற்று உன் அம்மா தச்சர் சுடலைமுத்துவை அழைத்துத் தாழ்ப்பாளையே கழற்றச் செய்துவிட்டாள். கேட்டதற்கு, 'பேயோ மனுஷியோ, வர்றது வரட்டுங்க' என்கிறாள். ராத்திரியில் நெல் மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டியிருக்கிறது. இருந்தும் அதை மறுபடி பொருத்தும்படி நான் சொல்லவில்லை.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள். பயணத் தேதியை மாதம், கிழமையுடன் தெளிவாக எழுது. நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ்க. தையில் வா, அவரையும் அழைத்து வா. கதவு திறந்தே கிடந்தாலும் மூன்று முறை கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. வீரமலை