அச்சு முறுக்கும் மச்சான் மீசையும்

டிசம்பர் 15, வெள்ளி

விடாத மழை. சேலையூர் பக்கம் ஒரு கடை ஷட்டர் ரிப்பேர் வேலை. போகவில்லை. ஸ்டெல்லா பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. பிரிக்கப் புது வருஷம் தாண்டுமாம்.

கையை விட அவளுக்கு அச்சு முறுக்குக் கவலைதான் பெரிது. இந்த வீட்டு வழக்கம் அப்படி. உடையாமல் வருகிற முதல் பூவை நூலில் கட்டிக் குடிலுக்கு மேல் தொங்கவிட வேண்டும். அதுதான் நட்சத்திரம். அது தொங்கின பிறகுதான் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைப்போம். கல்யாணமாகி ஸ்டெல்லாவோடு அச்சும் வந்தது, வழக்கமும் வந்தது.

"இந்த வருஷம் பேப்பர் ஸ்டார் ஒட்டிக்கலாம்" என்றாள்.

நாலு வயது அருளுக்கு உதடு பிதுங்கிவிட்டது. "அப்போ ஒட்டகக்காரங்களுக்கு எப்டி வழி தெரியும்?"

"அவங்க ராஜாங்கடா" என்று அக்கா ஜெனி திருத்தினாள். ஆனால் அவள் கண்ணிலும் தண்ணீர். ஏழு வயதுக்கு அடக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நான் சுடறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. டீ போடச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்குகிற ஆள் நான்.

டிச. 17, ஞாயிறு

பூசை முடிந்து மார்க்கெட். பச்சரிசி, முட்டை, தேங்காய், எள். அருளுக்கு பலூன். ஜெனிக்கு வேண்டாமாம், பெரியவளாகிவிட்டாளாம். வீடு வந்ததும் அருளின் பலூனோடு விளையாடினது அவள்தான்.

பரணிலிருந்து அச்சை எடுத்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. ஸ்டெல்லா மாத்திரை போட்டுத் தூக்கம். எழுந்து பார்த்து அசரட்டும் என்று சோப்பு, தேங்காய் நார், அதற்கும் மசியாததால் பட்டறையிலிருந்து உப்புத்தாள். தேய், தேய் என்று தேய்த்ததில் வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. துணியில் சுற்றி வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

டிச. 18

சாயங்காலம் முதல் ஆட்டம். கோவிலம்பாக்கத்திலிருந்து மச்சான் வந்தார், ஸ்டெல்லாவின் அண்ணன். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் வாங்கின தோரணை. முனை முறுக்கிய பெரிய மீசை அவருக்கு. யோசிக்கும்போது தடவுவார். யோசிக்காதபோதும்.

அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில். பூ கழன்று மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. அச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உதறினேன். தட்டினேன். கத்தியால் நெம்பினேன். தூள்.

"இன்னா மாப்ள, ஷட்டர் ஜாம் ஆயிடுச்சா?"

"முதல் பூ அப்டித்தான் மச்சான்."

ஐந்தாவதும் அப்படித்தான். தூளை வாரி வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ ஒரே ஒரு பூ முழுசா சுட்டுக் காட்டு. நான் மீசைய எடுத்துர்றேன்."

"ப்ராமிஸா மாமா?" என்றாள் ஜெனி.

"ப்ராமிஸ்டா கண்ணு." மீசையைத் தடவிக்கொண்டே கிளம்பினார்.

அவர் போனதும் ஸ்டெல்லா வந்து பார்த்தாள்.

"அச்சு ஏன் இப்டி மின்னுது?"

அடுப்பை அணைத்தேன்.

"தேச்சீங்களா?"

"கொஞ்சம்."

"எதால?"

சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கை வலித்து, வலியில் கத்தி, மறுபடி சிரிப்பு. "அத்தன வருஷமா எண்ணெய் குடிச்ச அச்சுங்க அது. அந்தக் கறுப்பு இருந்தாத்தான் ஒட்டாம வரும்."

ஷட்டரைக் காய விடாதீங்க, எண்ணெய் போடுங்க என்று தாம்பரம் முழுக்க உபதேசம் செய்கிற வாய் இது.

டிச. 21

அச்சு ஆஸ்பத்திரியில் அட்மிட். அதாவது எண்ணெய்ச் சட்டியில். ஸ்டெல்லா சொன்ன வைத்தியம்: காலை ஒரு காய்ச்சல், மாலை ஒரு காய்ச்சல், மற்ற நேரம் எண்ணெயில் ஊறல். லேசாகக் கறுக்கிறது. அருள் தினமும் விசாரிப்பு: "அச்சுக்கு ஜுரம் சரியாயிடுச்சா?"

ஜெனியின் ஜெபம் இப்போதெல்லாம் இந்த வரிசையில்: அம்மா கை, அச்சு, அப்பாவுக்கு நல்ல புத்தி.

குடில் கட்டியாயிற்று. சிமெண்ட் பை மலை, வைக்கோல் கூரை. வண்டலூர் ஜூ வாசலில் வாங்கின பிளாஸ்டிக் சிங்கத்தை அருள் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் வைக்க, ஜெனி எடுக்க, இவன் வைக்க, அடிதடி. என் தீர்ப்பு: சிங்கம் இருக்கலாம், முகம் சுவர்ப் பக்கம்.

கூரைக்கு மேல் வெறும் ஆணி. தொட்டிலும் காலி. அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கிறேன்.

மச்சான் போன் செய்தார். "மீசைக்கு இன்னிக்கு நல்லா எண்ணெய் போட்டேன் மாப்ள."

"நானும் மச்சான். அச்சுக்கு."

டிச. 24, ஞாயிறு

வெயில்! பட்டறை லீவு. சமையலறை வாசலில் சாக்பீஸ் கோடு. பிள்ளைகள் தாண்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாவது, ஒட்டல். இரண்டாவது, பாதி இதழ் கழன்று பாதி அச்சோடு. நாற்பது வயது ஆள் ஒரு முறுக்குக்கு அழுதான் என்று பேர் வரப் போகிறது.

ஸ்டெல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முழுசா முக்கினா எப்டி கழலும்? முக்கால்தான் முங்கணும். மேல மாவு மூடக் கூடாது."

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இறக்குங்க. போதும். எடுங்க. இப்போ எண்ணெய்ல. அசைக்காதீங்க. இருங்க... இப்போ லேசா."

கழன்றது. மிதந்தது. முழுசாக. எல்லா இதழும்!

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா ஜன்னலில். "இன்னா தம்பி, கிரிக்கெட்ல ஜெயிச்சுட்டாங்களா?"

"அதுக்கும் மேலக்கா!"

அதற்கப்புறம் அச்சு நின்றால்தானே? டப்பா டப்பாவாக நிறைந்தது. நூர்ஜஹான் அக்கா வீட்டுக்குத்தான் முதல் தட்டு.

ஆறின முதல் பூவை ஜெனி நூலில் கோத்தாள். அவளைத் தூக்கிப் பிடித்தேன், ஆணியில் மாட்டினாள். அருள் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைத்துவிட்டு, போகிற போக்கில் சிங்கத்தையும் திருப்பி வைத்தான். ஜெனியும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஜெனி மாமாவுக்குப் போன். "மாமா, வூட்ல பிளேடு கீதா?" இந்தப் பாஷையை எங்கே கற்றாளோ. என்னிடம்தான் என்கிறாள் ஸ்டெல்லா.

டிச. 25

காலைப் பூசை. புதுச் சட்டை, இட்லி, கறிக்குழம்பு. மச்சான் வந்தார்.

மீசை இல்லை! ஷட்டர் கழற்றின கடை மாதிரி இருந்தது முகம்.

அருள் அலறிக்கொண்டு என் காலுக்குப் பின்னால். "மாமா எங்க?"

"நான்தான்டா மாமா."

"இல்ல! நீ வேற அங்கிள்!"

கேக்கைக் காட்டினார். வரவில்லை. பலூனைக் காட்டினார். வரவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. ஜெனிதான் அம்மாவின் கண் மை பென்சிலைக் கொண்டு வந்தாள். மச்சான் மறுபேச்சு இல்லாமல் மூஞ்சியை நீட்டினார். வரைந்தாள். ஒரு முனை காது வரை போய்விட்டது.

அருள் எட்டிப் பார்த்தான். கிட்டே வந்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். "மாமா!" மடியில் ஏறிவிட்டான்.

மச்சான் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கடித்தார். நறுக். மென்றார். இன்னொன்று எடுத்தார். "மாப்ள, நல்லாத்தான் கீது."

கேமராவில் கடைசி ஒரு ஃபிலிம் மிச்சம். எல்லோரையும் குடில் முன்னால், பூவுக்குக் கீழே நிற்க வைத்தேன். மச்சான் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அருள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். அமுக்கினேன்.