ஆட்டுக்கதையும் அக்காவின் குரலும்

மார்ச் 3, செவ்வாய்

தையல் கூடத்தில் சாப்பாட்டு நேரம் அரை மணி. அதில் பத்து நிமிடம் என்னுடையது: கண்ணாடியை இறக்கி, மேசையைத் தட்டி, "கவனிங்க, கவனிங்க!" என்று தொடங்குவேன். வாடகை மாடியில் ஆட்டை ஒளித்து வைத்துக் குடியிருக்கும் ஒருவனின் கதையை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். ஆடு கத்தும்போதெல்லாம் அவன் இருமிச் சமாளிக்கிறான். பொத்தான் தைக்கிறவளுக்குப் புரையேறி, உச்சந்தலையில் தட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு நல்ல புத்தகத்தைத் தனியாகச் சிரித்துத் தீர்ப்பது பாவம்.

மார்ச் 5, வியாழன்

கதைக்குள் வீட்டுக்கார அம்மாவின் வேலைக்காரி வந்துவிட்டாள். அவளுக்கு என்ன குரல் கொடுப்பது? யோசிக்கவே இல்லை, இஸ்திரி போடும் அக்காவின் குரல் தானாக வந்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே அண்ணத்தில் குறை. பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். தன் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மறுபடியும் அதே குரலில் வாசித்தேன்.

மார்ச் 9, திங்கள்

கட்டிங் மாஸ்டர் இஸ்திரி மேசையில் சட்டைகளைப் போட்டுவிட்டு, கதையின் வேலைக்காரி மாதிரி மூக்கால் கேட்டார்: "ஆட்டைப் பாத்தீங்களாம்மா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அது யாருடைய குரல் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து சட்டையில் பிசிறு நூல் வெட்டினேன். வெட்ட நூலே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பாட்டுக்கு அக்கா வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் வரவில்லை. இஸ்திரி மேசை அருகே நின்றபடியே சாப்பிடுகிறார். யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். வாயைத் திறக்கவே பயப்பட வைத்துவிட்டேனே, படுபாவி. விளையாட்டுக்குத்தானே பண்ணேன்? — யாருக்கு விளையாட்டு?

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், நூல் வெட்டும்போது ஒரு சட்டையைக் கிழித்துவிட்டேன். "இஸ்திரில கிழிஞ்சுபோச்சு சார்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டவர் இந்த அக்கா. அன்றும் அந்தக் குரலில்தான் சொன்னார்.

"கதை இல்லையா?" என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

வேலை முடிந்ததும் அக்காவிடம் போய் நின்றேன். "தப்புப் பண்ணிட்டேன்க்கா." இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் திரும்பியபோது கேட்டார்:

"அந்த ஆடு மாட்டிக்கிச்சா?"

"தெரியலக்கா. அப்பவே நிறுத்திட்டேன்."

"உனக்கென்ன, வீட்டுல உக்காந்து படிச்சுக்குவ. எனக்கு எழுத்து தெரியாது. நீ படிச்சாத்தான் எனக்குக் கதை."

குரலை எடுத்துக் கேலி செய்தது போதாதென்று, கதையையும் பிடுங்கியிருக்கிறேன். இந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?

மார்ச் 16, திங்கள்

அக்கா சாப்பிட வந்தார். வேலைக்காரியின் பேச்சைச் சாதாரணமாகவே வாசித்தேன். சிரிப்பு குறைவு. குறையட்டும். ஆடு படியிறங்கி வீட்டுக்கார அம்மாவின் எதிரிலேயே வந்து நின்றுவிட்டது. அத்தியாயம் முடிந்தது.

"அந்தம்மா ஆட்டைப் பாத்த எடத்தை நான் செஞ்சு காட்டட்டுமா?" என்று அக்கா எழுந்தார். மோவாயைத் தூக்கி, இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வேடிக்கை வருமுன்பே தானே ஒருமுறை சிரித்து, மேசையைத் தட்டி ஆட்டைப் பார்த்து, "கவனிங்க, கவனிங்க!" அந்த மூக்குக் குரலிலும் அச்சு அசல் நான்! கூடம் அதிர்ந்தது. பொத்தான் தைக்கிறவள் மேசையில் கவிழ்ந்து கண்ணீர் விட்டாள்.

நானா இப்படி? காது மடல் சுட்டது. சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

அக்கா என் அருகில் வந்து உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"சரி. நாளைக்கு அடுத்ததைப் படி."