பதினேழாம் கூண்டு

கள்ளக்குறிச்சி
28.9.1987

சேலம் பறவைக் காட்சி நடுவர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்டாட்டி எழுதியது என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். இது போட்டிக்கு வந்தவளின் கடிதம். இட ஒதுக்கீட்டு மறியலில் ஒரு வாரம் ரோடெல்லாம் மரம் கிடந்தது, தபாலும் நின்றது. இல்லாவிட்டால் இந்த வசவு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் காட்சியில் என் லவ் பேர்ட்ஸ் சேவலைக் கண்ணில் வளையம் இல்லை, வகை மாறி வந்ததென்று தள்ளினீர்களாமே. பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்த பைட் லவ் பேர்ட்ஸில் ஒரு வகைக்குக் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், இன்னொன்றுக்குக் கடைசிவரை வராது. என்னுடையது வரும் வகை. மே மாதம் பொரித்த குஞ்சுக்கு ஆகஸ்டிலேயே வளையம் எங்கிருந்து வரும்? இப்போது வந்திருக்கிறது, பளிச்சென்று. இதுகூடத் தெரியாமல் சட்டையில் நடுவர் பட்டை குத்திக்கொண்டு நடக்கக் கூச்சமாக இல்லையா?

அது நீங்கள் மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன ஜோடியின் குஞ்சு. “அவளுக்குத் தீனி போடத்தான் தெரியும்” என்று பறவை வளர்ப்போர் சங்கத்தில் சொல்லிச் சிரித்தீர்களே, அந்தப் பேச்சுக்காகத்தான் நான் உங்களோடு சேலத்துக்கு வரவில்லை. அந்தத் தீனிக்கும் மறியலில் வழியில்லை. தினை விற்கும் அம்மாசிதான் மலையிலிருந்து தினையைத் தலையில் சுமந்து வந்தார். “இன்னாம்மா, ஊரே ரோட்ல நின்னுக்கினு இருக்குது, நீ குருவிக்குத் தினை தேடிக்கினு இருக்கிற” என்றார்.

இப்படிக்கு,
போட்டியாளர், செந்தமிழ்ச்செல்வி


சேலம்
6.10.1987

அன்புள்ள செல்வி,

நலம். நலமறிய ஆவல். அது உன் பறவை என்று எனக்கு எப்படித் தெரியும்? கூண்டெல்லாம் ஒரே அச்சு, மேலே எண் மட்டும்தான். ஒரு சின்னத் தவறுக்கு இவ்வளவு கோபமா?

ஜனவரிக் காட்சிக்கும் நான்தான் நடுவர். சேவலைக் கொண்டு வா. கூண்டு எண்ணை மட்டும் எனக்கு எழுதிவிடு, முதல் பரிசை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்படியே வீட்டுக்கும் வந்துவிடு. ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிட்டது.

உன்,
வெங்கடேசன்


கள்ளக்குறிச்சி
15.10.1987

உங்களுக்கு,

முன்னே தெரியாமல் தள்ளினீர்கள். இப்போது தெரிந்தே கொடுக்கப் பார்க்கிறீர்கள். எது அதிகக் கேவலம் என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டாவதுதான்.

எண்ணைச் சொல்ல மாட்டேன். ஆனால் சேவல் வரும். அதன் தாய் தகப்பனைக் கையில் வைத்துக் கொஞ்சியவர் நீங்கள். நீங்களாகப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பரிசு கொடுக்க வேண்டாம், இன்ன கூண்டு என்று சொன்னால் போதும், வந்துவிடுகிறேன். தனியாக இருப்பது எனக்கும் ஒன்றும் பிடித்துப்போய்விடவில்லை.

செல்வி


சேலம்
10.1.1988

என் அன்புச் செல்வி,

காட்சி முடிந்த கையோடு எழுதுகிறேன். சொந்தக்காரர் பெயரெல்லாம் செயலாளரிடம் இருக்கிறது, பட்டியல் நாளைதான் அச்சாகும். அதற்கு முன்பே எழுதுகிறேன் என்றால் பார்த்துக்கொள். பதினேழாம் கூண்டு. அந்த நெஞ்சும் நிற்கிற நிமிர்வும் நம் ஜோடியைத் தவிர யாருக்கு வரும்? எண் தெரியாமலே முதல் பரிசு கொடுத்தேன்.

யார் கையிலோ கொடுத்து அனுப்பிவிட்டு நீ வராமல் இருந்ததுதான் குறை. பொங்கல் கழிந்து ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். சாமான்களைக் கட்டி வை.

உன்,
வெங்கடேசன்


கள்ளக்குறிச்சி
13.1.1988

திரு. வெங்கடேசன் அவர்களுக்கு,

பதினேழு தறிப்பட்டறை அய்யனாருடையது. நல்ல பறவைதான், அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நம்முடையது ஒன்பது. குச்சியால் தட்டினீர்கள், கண்ணைப் பார்த்தீர்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனீர்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தின் முன்வரிசையில் நான் நின்றிருந்தேன். நடுவரிடம் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் நடுவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. ஒரு தடவை கயிற்றோரம் வந்து, என் காலடியில் இருந்த டிரங்குப் பெட்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தள்ளி வைத்தேன்.

அதில் என் துணிமணி எல்லாம் இருந்தது.

சின்னசேலம் பஸ்ஸில் அது என் மடியிலேயே வந்தது. சேவல் வழியெல்லாம் தினை தின்றுகொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் துணிகளை எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கிவிட்டேன். வேன் கொண்டுவர வேண்டாம்.

செந்தமிழ்ச்செல்வி