ஜன்னல் திறக்கும் அறை

அத்தை,

வெளியூர் கிளம்ப ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். குட்டியின் சீருடையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல்.

நேற்று உங்களிடம் குரலை உயர்த்தியது தப்பு. “பழைய வீட்டு விடுதியெல்லாம் வேணாம் மாப்பிள்ளை, எப்பவும் தங்குற பெரிய ஓட்டல்லயே தங்குங்க. ஏதாவது ஒண்ணுன்னா ஓடிவர ஆளிருக்கும்” என்றீர்கள். இதையே சொல்லித்தான் உங்கள் மகளின் வாயை ஒவ்வொரு பயணத்திலும் அடைத்தேன். அவளுக்கு முற்றம் வைத்த பழைய விடுதிதான் பிடிக்கும்.

முதலில் அந்த ஓட்டலில்தான் பதிவு செய்தேன். உடனே செய்தி வந்தது: ‘வழக்கம்போல் மேடத்துக்கு ஒரு தலையணை கூடுதலாக வைக்கிறோம்.’ எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் அதே கட்டில், அதே திரை, அதே விளக்கு. அவள் உயிர் போன அறையும் அப்படித்தான் இருந்தது. அதற்குள் தனியாகப் படுக்க எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. ரத்து செய்துவிட்டேன்.

பழைய விடுதிக்காரம்மாவிடம் ஜன்னல் திறக்குமா என்று மட்டும் கேட்டேன். “நல்லாவே திறக்கும் தம்பி, கொசுவும் நல்லாவே வரும்” என்றார்.

குட்டிக்கு இருமல் மருந்து ஒரு மூடிதான்.

இன்னொன்று. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மூச்சு முட்டுகிறது என்று எழுந்துபோய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். ஏசி ஓடுகிறதே, பேசாமல் படு என்றேன்.

“இது திறக்கவே திறக்காதாங்க?” என்றாள்.