ஒரு பூச்சுத் தார்

ஆத்துத் திட்டு,
மாசி, 1986

அம்மிணிக்கு,

தலைவர் தேர்தல்ல உங்கண்ணனை எதிர்த்து நிக்காதீங்கன்னு சொல்லி, கோவிச்சுக்கிட்டு அவரு ஊட்டுக்கே போயிட்டே. உன் ஓட்டும் அவருக்கே போகட்டும்.

ஆனா நாளைக்கு ஓட்டுப் போட அக்கரைக்குப் போறப்ப, அவரோட புதுப் பரிசல்ல மட்டும் ஏறாதே.

வேலை அவசரத்துல தப்பு நடந்துபோச்சுன்னு முதல்ல எழுதிக் கிழிச்சுப் போட்டேன். நான் கட்டுற பரிசலுக்கெல்லாம் அடியில மூணு பூச்சுத் தார் அடிப்பேன். அவருக்குக் கொடுத்ததுக்கு ஒண்ணுதான் அடிச்சேன். நடு ஆத்துல ஒழுகட்டும்னுதான்.

நீயும் அதுல ஏறுவியேன்னு நெனச்சப்பத்தான், மத்தவங்களும் மனுசங்கன்னு உறைச்சுது.

இந்தக் கடுதாசியைக் கோயில் முன்னால எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி. அதுக்கப்புறமும் என்னை நம்பி ஏற யாராவது இருந்தா, காலையில என் பரிசலோட துறையில நிக்கறேன்.

உன் ஊட்டுக்காரன்