உள்ளான் வந்த தூரம்

டிசம்பர் 5, வியாழன்

பனிக்காலத்தில் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். புத்தகத்தில் கரடி குகைக்குள் தூங்குகிறது. "இங்கன கரடியும் இல்ல, பனியும் இல்ல. நான் எதைப் பாத்து எழுத?" மகள் அக்சீலியா அழாத குறை. அவள் அப்பா பிரடெரிக் வலையிலிருந்து தலை தூக்காமலே, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வா, காட்டுறேன்" என்றார். ஐந்தாவதோடு நின்ற மனுஷர். என்னத்தைக் காட்டப் போகிறார்?

டிசம்பர் 8, ஞாயிறு

தனுஷ்கோடி போகும் வழியில் முழங்காலளவுத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம். பிரடெரிக் காட்டியது அதையல்ல; சேற்றோரம் ஓடிக்கொண்டிருந்த உள்ளான்களை. கைக்குள் அடங்கும் குருவி. "வாடைக்காத்து திரும்புறப்ப வந்து கூட்டங்கூட்டமா நிக்கும். சித்திரை வெயில் ஏறுனா ஒண்ணையும் காணாது" என்றார். இருபது வருஷமாகக் கவனித்திருக்கிறார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கே பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த வனக்காவலர் முனியசாமி மிச்சத்தைச் சொன்னார். இதன் ஊர் சைபீரியாவாம்; பனிக்காலத்தில் அங்கே மண் கல்லாய் உறைந்துவிடும், புழு கிடைக்காது. உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுமாம். முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு! மலைத்துப் போனேன்.

திரும்பும்போது அக்சீலியா மெதுவாக, "அம்மா, பெஞ்சமின் மாமா கொண்டாந்து நம்ம பொரிச்சுத் தின்னது இதானே?"



டிசம்பர் 14, சனி

தம்பி பெஞ்சமின் சாக்கோடு வந்தான். உள்ளே நாலு உள்ளான், உயிரோடு, காலைக் கட்டி.

"இத நான் ஆக்க மாட்டேன்டா."

"ஏங்க்கா? போன மாசம் எலும்பக்கூட விடாமத் தின்னியே!"

"தின்னேன். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாமத் தின்னேன்."

சிரித்தான். அக்சீலியா சாக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "மாமா, பசிக்குத்தானே அது இம்புட்டுத் தூரம் வந்திருக்கு." அவன் முகம் கறுத்துவிட்டது. "குருவிதான் பெருசுன்னா நான் எதுக்கு இந்த வாசலுக்கு?" சாக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்த பயல்.

கட்டை அவிழ்த்தோம். மூன்று பறந்தன. ஒன்று செத்துப்போயிற்று.

டிசம்பர் 25

பண்டிகைக்கும் பெஞ்சமின் வரவில்லை. அவன் பங்குக் கறி அப்படியே இருக்கிறது. தப்புப் பண்ணிட்டேனா? இல்லை. ஆனாலும் —

ஜனவரி 6, திங்கள்

கட்டுரையை வகுப்பில் வாசிக்க வைத்தார்களாம். "சில உயிர்கள் தூங்கிப் பிழைக்கின்றன. உள்ளான் பறந்து பிழைக்கிறது. அது வந்து சேரும் இடம் எங்கள் ஊர்." என் மகளா இதை எழுதினாள்!

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் பெஞ்சமின், பைக்கை அணைக்காமல். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏ அக்சீலியா, அரிச்சல்முனைப் பக்கம் பெருங்கூட்டம் இறங்கியிருக்கு. எந்த எடத்துல நின்னா கலையாதுன்னு எனக்குத்தான் தெரியும். ஏறு."

பிறகு கைப்பிடியைத் திருகிக்கொண்டே, "நீயும் வாரியாக்கா?"

உலை வைக்காமலே கிளம்பிவிட்டேன்.