மாதிரிக்கு ஒரு பழைய புஷ்

மேற்பிரிவு லயம்,
லிந்துலை.
2024 ஏப்ரல் 21

அன்பின் ராணிக்கு,

நான் நலம். நீயும் நிஷாந்தியும் அந்த ஒற்றை அறையில் சண்டை போடாமல் இருக்கிறீர்களா?

எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டால் இரண்டு நாளைக்கு எனக்கு வேலை ஓடாது, ஏதாவது என்றால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ போய் இருபது மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்திலேயே நாலு வரிக்கு மேல் எழுதாதவனுக்கு இந்த நிபந்தனை கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

இங்கே மழை. பின் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. நீ நட்ட சௌசௌ கொடி கூரை வரை போய்க் காய்க்கிறது, பறிக்க ஆளில்லை. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற காளியாயி அக்கா வாரம் ஒரு முறை, "ராணி என்னைக்குப்பா வருது?" என்று கேட்கிறார். வரும் வரும் என்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புது வருச லீவில் காரின் தார்ப்பாயை எடுத்தேன். இரண்டு வருடம் கிடந்தும் எஞ்சின் மூன்றாவது அடியில் பிடித்துக்கொண்டது. ஆனால் முன் சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையின் இரண்டு ரப்பர் புஷ்ஷும் புதிதாகப் போட வேண்டும். தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் அலைந்துவிட்டேன். எந்த வண்டி என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? உடம்பு தோட்டத் துரையின் பழைய மொறிஸ் மைனர், எஞ்சின் ஒரு வேன், முன்பக்கம் இன்னொரு வேன். லயத்து வீடுகளில் அதை மூணு தாய்ப் பிள்ளை என்பார்களே, அப்படியே சொன்னேன். கடைக்காரன் சிரித்தான், சாமான் தரவில்லை. கையின் கண் துளையை நானே அகலமாகக் குடைந்திருப்பதால் எந்த வண்டியின் புஷ்ஷும் நேராகச் சேராது.

நீ இருப்பது பஞ்சிகாவத்தையில், அதுவும் வண்டிச் சாமான் கடையில். நாட்டில் எங்கும் இல்லாதது அங்கே கிடைக்கும் என்பார்கள். தேடிப் பார்ப்பாயா?

ஆடி அமாவாசை ஆகஸ்ட் நாலாம் தேதி. மாமாவுக்குத் திதி கொடுக்க வேண்டும். அதற்குள் கார் ஓடினால் நானே கொழும்புக்கு வந்து உன்னைக் கூட்டி வருவேன். அதே காரில் நீ வந்து இந்த லயத்தின் முன்னால் இறங்கினால் எல்லார் வாயும் அடங்கிவிடும் ராணி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நல்லமுத்து


கொழும்பு 10
2024 மே 2

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து மாறவே இல்லை.

புஷ் என்ற சொல்லைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். நாள் முழுக்க நான் பில் எழுதுவது இந்தச் சாமான்களுக்குத்தான். ஆனால் யாராவது புஷ் கேட்டு வந்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை எழுதச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். கடையில் எல்லோருக்கும் தெரியும், காரணம் மட்டும் தெரியாது.

ஹட்டனில் அன்றைக்கு அந்த இரண்டு புஷ்ஷையும் வாங்கியது என் கைதானே. நாட்டில் எதுவும் வராத நேரம், கிடைத்ததே பெரிது என்று வாங்கி வந்தேன். நீங்கள் மாட்டினீர்கள். பத்து நாள் போகவில்லை, அப்பாவுக்குக் காலையில் நெஞ்சு வலி. பெட்ரோல் இல்லாமல் ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல்கூட இல்லை. கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்த நம் காரில் ஏற்றினோம். நுவரெலியா போகிற வழியில் மூன்றாவது வளைவில் முன் சக்கரம் மடங்கிக் கார் மண்மேட்டில் சாய்ந்தது. ஒன்றரை மணி நேரம் ஒரு வண்டி வரவில்லை. அப்பா இடது சீட்டில் இருந்தபடியே போய்விட்டார்.

இழவு வீட்டில் தம்பி சுமன் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "எப்படி மச்சான் ஒடைஞ்சிச்சு?" என்றான். ரப்பர் சரியில்லை என்றீர்கள். யார் வாங்கியது என்றான். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான்தான் என்று நானே சொன்னேன். கூடப்பிறந்தவன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லயத்தில் தண்ணீர்ப் பீலிக்குப் போனால் பேச்சு நிற்கும். எத்தனை நாளைக்குத்தான் குடத்தோடு நிற்பது?

தேடுகிறேன். இந்த முறை நல்லதாகத் தேடுகிறேன். அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள். பழையதைக் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

ஈரச் சுவரில் சாய்ந்து படுக்காதீர்கள். சௌசௌவைக் காளியாயி அக்காவைப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜீவராணி


லிந்துலை
2024 மே 19

அன்பின் ராணிக்கு,

அளவு இதோ. வெளிச் சுற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர், நீளம் நாற்பத்தைந்து, நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட் போக வேண்டும். படமும் போட்டிருக்கிறேன், சிரிக்காதே.

கோபிக்காதே, மாதிரிக்கு அந்தப் பழையதில் ஒன்றையும் பார்சலில் வைத்திருக்கிறேன். அளவு ஒரு நூல் தப்பினாலும் சேராது. நீ பார்க்க வேண்டாம். சாமான் தெரிந்த யாரிடமாவது கொடு, அவர் பார்க்கட்டும்.

ஃபேக்டரியில் புதிதாக ஒரு ரோலர் வந்திருக்கிறது. பெரிய ஃபிட்டர் லீவு, எல்லாம் என் தலையில். கொழுந்து குறைவு, வாரத்தில் நாலு நாள்தான் பெரட்டு போட்டு வேலை கொடுக்கிறார்கள். சுமனைக் கொட்டகலையில் பார்த்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். முதல் தடவையாகக் கேட்டான்.

நீ நாற்பத்தைந்து கிலோவுக்கு இறங்கிவிட்டாய் என்று நிஷாந்தி அவள் அம்மாவிடம் சொன்னாளாம். நேரத்துக்குச் சாப்பிடு. இடது சீட்டில் நீ இருப்பது தெரியாமல் நான் உன்னை வழியில் விட்டுவிட்டு வந்துவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
நல்லமுத்து


கொழும்பு 10
2024 ஜூன் 23

அன்பின் மச்சானுக்கு,

காட்டாதீர்கள் என்று எழுதியதையே அனுப்பினால் என்ன செய்வது? பெட்டியைப் பிரித்ததும் மூடிவிட்டேன். நிஷாந்திதான் எடுத்துத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தாள். இப்போது பழகிவிட்டது. நாலு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கொண்டுபோய்க் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்.

முதல் கடையில் வண்டி நம்பரைக் கேட்டார்கள். இரண்டாவதில் இது லொறியுடையது என்றார்கள். மூன்றாவதில் ட்ராக்டர். ஒரு முதலாளி இந்தக் காரை எந்த ஆஸ்பத்திரியில் பெற்றீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது மச்சான். சிரித்து எவ்வளவு நாள் என்று பிறகு நினைத்துப் பார்த்தேன்.

நேற்று கிடைத்துவிட்டது. ஒரு பழைய வேனின் பின்பக்க புஷ். நீளம் சரி, நடு ஓட்டை சரி, வெளிச் சுற்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூட. கடைசலில் கொடுத்தால் குறைத்துத் தருவார்கள். எங்கள் கடைக்கு எதிரே பட்டறை வைத்திருக்கும் பியசேன என்ற மெக்கானிக்கிடம் சனிக்கிழமை பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். இங்கே எல்லோரும் அவரை பாஸ் என்பார்கள். வாய் கொஞ்சம் பொல்லாதது, கை சுத்தம்.

ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன். தருவார்கள் போலிருக்கிறது. லயத்தில் பேசுகிறவர்கள் பேசட்டும். வாங்கிய தப்பை இன்னொன்று வாங்கித்தான் தீர்க்க வேண்டும் போல. காரில் வந்து இறங்குகிறேன்.

அன்புடன்,
ராணி


கொழும்பு 10
2024 ஜூன் 30

மச்சானுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நேற்று பியசேன பாஸ் பழைய புஷ்ஷைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். இதை மாட்டியது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். கார் மெக்கானிக்கா என்றார். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் என்றேன். அதுதானே என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரப்பரில் ஒரு குறையும் இல்லையாம். இன்னும் ஐந்து வருடம் உழைத்திருக்கும் ரப்பராம். காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் காற்றில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டார்களாம். அப்படி இறுக்கினால் காரை இறக்கின நிமிடத்திலிருந்தே உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்குமாம். மேடு பள்ளத்தில் பத்து நாள் போதும், கிழிந்துவிடும். கிழிந்தது எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கிறது, விரலை வைத்துப் பார் என்று காட்டினார். வைத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தரையில் இறக்கி, சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, அந்தப் பாரத்தில்தான் இறுக்க வேண்டுமாம். மெஷின் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள், மெஷின் ஓடும் முன்பே எல்லா நட்டையும் இறுக்கிப் பழகிய கை என்றார்.

தப்பு யாருக்கும் வரும். அதற்காக நான் இதை எழுதவில்லை. ஒன்றுதான் தெரிய வேண்டும். உங்களுக்கு இது தெரியுமா? தெரியும் என்றால் எப்போதிருந்து?

ஜீவராணி


லிந்துலை
2024 ஜூலை 9

அன்பின் ராணிக்கு,

தெரியும்.

மாமாவுக்குப் பதினாறு முடிந்த அடுத்த வாரம் வட்டகொடையில் ஒரு கராஜ்காரர் காரின் கீழ்க் கையைக் கழற்றிப் பார்த்துச் சொன்னார். பியசேன பாஸ் சொன்ன அதே பேச்சு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்பங்கரையில் இருந்தாய். என்னைப் பார்க்காமலே, "நான் வாங்குனதுதாங்க அப்பாவைக் கொன்னுச்சா?" என்று கேட்டாய். என் வாயிலிருந்து வந்தது, "விடு ராணி, நடந்தது நடந்துபோச்சு. நான் ஒன்னும் மனசுல வச்சுக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் சொன்னால் முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று இருந்தது. மூன்று வாரத்தில் நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பயந்தேன் ராணி. ஃபிட்டர் நல்லமுத்து தன் மாமனாரைத் தானே கொன்றான் என்று லயம் பேசும் என்று பயந்தேன். நீ அந்தப் பேச்சைச் சுமந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாதிரிக்குப் பழையது தேவையே இல்லை. அளவு போதும், உனக்கும் தெரியும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் அனுப்பினேன். கோழைத்தனம்தான்.

அமாவாசையன்று எல்லாரையும் கூட்டி வைத்து நானே சொல்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் போதும். புஷ்ஷை நீயே கொண்டு வா. நான் கீழே படுத்து இறுக்கும்போது வலது சீட்டில் காளியாயி அக்கா வீட்டுக்காரர் உட்காருவார். இடது பக்கத்துக்கு நீ வேண்டும். அதற்காகவாவது வந்துவிடு.

உன்,
நல்லமுத்து


கொழும்பு 10
2024 ஜூலை 27

மச்சானுக்கு,

இந்தப் பார்சலில் இரண்டு புஷ் இருக்கின்றன. கடைசலில் குறைத்தாயிற்று. பியசேன பாஸ் தானே அளந்து பார்த்தார்.

உங்கள் கடிதத்தைச் சுமனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். அழுதான். அமாவாசைக்கு அவன் கொழும்பு வருகிறான். முகத்துவாரத்தில் அப்பாவுக்கு நாங்களே திதி கொடுக்கிறோம். லயத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது எனக்காகச் சொன்னதாக இருந்திருக்கும்.

நட்டைத் தப்பாக இறுக்கியதற்கு எனக்கு உங்கள் மேல் ஒரு சின்னக் கோபம்கூட இல்லை. அப்பாவும் கோபப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அடுப்பங்கரையில் நீங்கள் என்னை மன்னித்தீர்கள். நான் அதற்கு நன்றி சொன்னேன், உங்கள் காலைத் தொட்டேன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போகும்போது அதுதான் கண் முன்னால் வருகிறது. அதை எப்படித் தாண்டி வருவது என்று எனக்குத் தெரியவில்லை. வர முடியும் என்றும் தோன்றவில்லை.

லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கடையில் புஷ் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நானே பில் எழுதுகிறேன்.

மாட்டும்போது கவனம். நட்டை முதலில் கையால் மட்டும் திருகி வையுங்கள். காரை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள். வலது சீட்டில் காளியாயி அக்கா வீட்டுக்காரர் இருக்கட்டும். இடது சீட்டுக்கு ஸ்டோரிலிருந்து ஐம்பது கிலோ உர மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். என்னை விட ஐந்து கிலோ கூடத்தான். பரவாயில்லை, தாங்கும்.

ஜீவராணி